வாசல் ஃபவுண்டனும் ஒரு கையெழுத்தும்

(மே மாதக் கடைசி ஞாயிறு மாலை நம் மொட்டை மாடியில் நடந்த கோடைக் கூட்டத்தில் பேசியது. வர முடியாதவர்களும் படிக்கட்டும் என்று செயலாளர் எழுதித் தரச் சொன்னார்.)



பத்து நிமிடம் என்று சொல்லித்தான் என்னிடம் மைக்கைக் கொடுத்திருக்கிறார்கள். பேங்க் கவுண்ட்டரில் உட்கார்ந்தவன் "ஒரு பத்து நிமிஷம் இருங்க" என்று சொன்னால் அது எவ்வளவு நேரம் என்பது உங்களுக்கே தெரியும். அதற்கு இப்போதே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். நம் வாசலில் செக்யூரிட்டி அறைக்குப் பக்கத்தில் தாமரைப் பூ வடிவத்தில் ஒரு ஃபவுண்டன் இருக்கிறது. புதிதாகக் குடிவந்தவர்கள் அதைப் பூந்தொட்டி என்று நினைத்துக்கொண்டிருக்கலாம். அது ஓடி நான் பார்த்தது ஒரே ஒரு நாள், நமக்குச் சாவி கொடுத்த அன்றைக்கு. அதன் பிறகு மழை பெய்தால் அதில் தண்ணீர் தேங்கும், கொசு முட்டையிடும், நகராட்சியிலிருந்து ஆள் வந்து சத்தம் போட்டுவிட்டுப் போவார், நாம் வாளியால் மொண்டு ஊற்றுவோம். மற்ற நாட்களில் கூரியர் டப்பா வைக்கப் பயன்படுகிறது.

பொங்கலுக்குப் பிறகு நடந்த பொதுக்குழுவில், சின்னக் குழந்தைகள் வைத்திருக்கும் பெற்றோர்கள் சிலர் ஒரு யோசனை சொன்னார்கள். அந்தத் தொட்டியை இடித்துவிட்டு, சமதளமாகத் தரை போட்டு, தரையிலிருந்தே ஆறு இடத்தில் தண்ணீர் பீறிட்டு வரும்படி செய்யலாம், கோடையில் பிள்ளைகள் சாயங்காலம் நனைந்து விளையாடட்டும் என்றார்கள். முதலில் எழுந்து எதிர்த்தவன் நான்தான். மினிட்ஸ் புத்தகத்தில் இருக்கிறது. "குடிக்கவே லாரியில் வாங்குகிறோம், குதிக்க வேறு தண்ணீரா?" என்று கேட்டேன். நிறைய பேர் கைதட்டினீர்கள். யோசனை அப்படியே நின்றுபோயிற்று.

இன்று அதே ஆள் எழுந்து அதே யோசனையைப் பற்றி வேறு மாதிரி பேச வந்திருக்கிறேன். கைதட்டியவர்களுக்கு நான் விளக்கம் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். முழுக்க மாறிவிடவில்லை. பாதி மாறியிருக்கிறேன். மீதிப் பாதியை மாற்றுவது உங்கள் கையில் இருக்கிறது.

நான் பிறந்தது இதே அருப்புக்கோட்டையில்தான். தறிச் சத்தத்தில் விடியும் தெரு. எங்கள் வீட்டில் தண்ணீர் இரண்டு வகை. புழங்குவதற்கு உப்புத் தண்ணீர், குடிப்பதற்கு நல்ல தண்ணீர். நல்ல தண்ணீர்க் குடத்துக்குள் கையை விட்டால் அப்பத்தா சொம்பாலேயே தலையில் ஒன்று வைக்கும். ஊருணியில் கால் கழுவக் கூடாது, செருப்போடு கரையில் ஏறக் கூடாது. தண்ணீர் என்றாலே "தொடாதே" என்றுதான் நாங்கள் கற்றுக்கொண்டோம். ஆறு என்று சொல்லிக்கொள்ளக் குண்டாறு இருக்கிறது. திருச்சுழியை ஒட்டிப் போகிறது. மழைக்காலத்தில் சில நாள் தண்ணீர், மற்ற நாளெல்லாம் மணல். இன்றைக்கும் ஊருக்குக் குடிநீர் வைகையிலிருந்தும் தாமிரபரணியிலிருந்தும் குழாய் வழியாக வருகிறது. இரண்டுமே நம் ஆறு இல்லை. அந்தத் தண்ணீரைப் பீய்ச்சி அடித்து விளையாடுவது என்றால் என் வயதுக்காரர்களுக்கு வயிறு எரியும். அது கஞ்சத்தனம் இல்லை என்பதை இளையவர்கள் புரிந்துகொள்ள வேண்டும்.

ஆனால் நான் எதிர்த்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதைப் பொதுக்குழுவில் சொல்லவில்லை.

எனக்குப் பத்து வயது இருக்கும்போது நடந்தது. என் சித்தப்பா மகன் என்னைவிட இரண்டு வயது பெரியவன். ஐப்பசி மழையில் கண்மாய் பெருகிக் கிடந்தது. நாங்கள் நாலைந்து பேர் போனோம். கோடையில் வயலுக்கு அடிக்கக் கரம்பை மண் வெட்டிய பள்ளம் ஒன்று தண்ணீருக்கு அடியில் இருந்தது. மேலே இருந்து பார்த்தால் எல்லாம் ஒரே கலங்கல்தான், பள்ளம் எது மேடு எது என்று தெரியாது. இடுப்பளவு தண்ணீரில் சிரித்துக்கொண்டே நடந்து போனவன், இன்னும் ஒரு அடி எடுத்து வைத்தான், அவ்வளவுதான். அவன் சட்டையை என்னிடம் கொடுத்துவிட்டு இறங்கியிருந்தான். அந்தச் சட்டையை நான்தான் கொண்டு போய்ச் சித்தி கையில் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு நான் நீச்சல் கற்றுக்கொள்ளவில்லை. என் பிள்ளைகளையும் விடவில்லை. குற்றாலத்துக்குக் குடும்பத்தோடு போனால்கூட, நான் எண்ணெய் பாட்டிலையும் பையையும் வைத்துக்கொண்டு தூரத்தில் நிற்பேன். அருவிக்குக் கீழே நிற்பவனுக்கு மேலே மலையில் என்ன மழை பெய்கிறது என்று எப்படித் தெரியும்? 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென்று வெள்ளம் வந்து 17 வயதுப் பையன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டானே, அந்தச் செய்தியைப் பார்த்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை. ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் கிணற்றில், குவாரிக் குட்டையில், கண்மாயில் பிள்ளைகள் போகும் செய்தி வராமல் இருப்பதில்லை. வெயில் தாங்காமல் தண்ணீரைத் தேடித்தான் போகிறார்கள். பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை.

தண்ணீரில் பிள்ளைகள் விளையாடிய சந்தோஷக் கதையும் நம் பக்கத்தில் ஒன்று உண்டு. அதையும் சொல்லிவிடுகிறேன்.

திருச்சுழி என் அம்மாச்சி ஊர். பூமிநாதர் கோயிலுக்குப் பெரும்பாலும் எல்லோரும் போயிருப்பீர்கள். துணைமாலை அம்மன் சந்நிதி. சுந்தரர் தேவாரம் பெற்ற தலம். பிரளயம் வந்து பூமி மூழ்கப்போன நேரத்தில் சிவபெருமான் சூலத்தால் தரையைக் குத்தி, வெள்ளம் சுழித்துக்கொண்டு பூமிக்குள் இறங்கும்படி செய்தார், அதனால்தான் ஊருக்குச் சுழி என்று பெயர் என்பது தலபுராணம். குண்டாற்றில் தண்ணீரைப் பார்க்காத ஊருக்கு வெள்ளக் கதை! அம்மாச்சி இதைச் சொல்லும்போதெல்லாம் நான் சிரிப்பேன், திட்டு வாங்குவேன்.

கோயிலுக்கு எதிரே இருக்கும் குளம் சூல தீர்த்தம். ரமண மகரிஷி பிறந்த ஊர் அது என்பது தெரிந்ததுதான். 1879 டிசம்பர் 30 அன்று பிறந்தார். அப்பா சுந்தரம் ஐயர் அங்கே வக்கீல். மகரிஷி பிற்காலத்தில் திருவண்ணாமலையில் அடியார்களோடு பேசும்போது இந்தக் குளத்தை நினைவுகூர்ந்திருக்கிறார். மாசி மாதம் பௌர்ணமிக்குப் பத்து நாள் முன்பிருந்து குளத்தில் தண்ணீர் தானாக ஏற ஆரம்பிக்குமாம், நாளுக்கு ஒரு படி வீதம். பௌர்ணமி அன்று நிறைந்து நிற்கும். அப்புறம் அதே போல இறங்கும். சிறு பையன்களாக இருந்த அவர்களுக்கு அது பெரிய வேடிக்கை. படியில் கோடு போட்டு வைத்து, மறுநாள் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று போய்ப் பார்ப்பார்களாம். அந்தத் தண்ணீரில் கந்தகம் இருப்பதால் வெள்ளி நகை கறுத்துவிடும் என்றும் சொல்லியிருக்கிறார்கள்.

எனக்கு இதில் பிடித்தது அந்தக் கோடுதான். முப்பத்தைந்து வருஷம் லெட்ஜர் எழுதியவனுக்கு வேறென்ன பிடிக்கும். விளையாடின பிள்ளைகளே தண்ணீருக்குக் கணக்கும் வைத்திருக்கிறார்கள். வறண்ட ஊர்க்காரன் தண்ணீரில் சந்தோஷப்படுவதற்கு அளவு பார்ப்பது ஒரு தடையே இல்லை என்று அதைப் படித்தபோது தோன்றியது. அன்றைக்கு அதோடு விட்டுவிட்டேன்.

மார்ச் மாதம் மகள் வீட்டுக்குச் சிங்கப்பூர் போனோம். இரண்டு மாதம். பேரனுக்கு ஐந்து வயது, பேத்திக்கு இரண்டரை. அங்கே கடலோரத்தில் "கார்டன்ஸ் பை தி பே" என்று பெரிய தோட்டம் இருக்கிறது. அதற்குள் குழந்தைகளுக்கென்று தனித் தோட்டம், 2014இல் திறந்தது. அங்கேதான் தண்ணீர் விளையாட்டுத் திடல். கட்டணம் கிடையாது. கேட்டுக்கொள்ளுங்கள், சிங்கப்பூரில் இலவசம்!

மாப்பிள்ளை லீவு போட்டுக் கூட்டிப்போன நாள் திங்கட்கிழமை. திங்கட்கிழமை அந்த இடம் மூடல். பார்க்காமல் கிளம்பியது நம் தவறுதான். பேரன் வாசலிலேயே உட்கார்ந்து அழுதான். "லட்சம் பேர் வரும் இடத்தை வாரத்தில் ஒரு நாள் எதற்கு மூடி வைக்கிறார்கள்" என்று நான் முணுமுணுத்தேன். அதற்குப் பதில் எனக்குப் பிறகுதான் கிடைத்தது, சொல்கிறேன்.

அந்த வாரமே சனிக்கிழமை மறுபடி போனோம். வீட்டுக்காரி இட்லிப்பொடி தடவிய இட்லியை டப்பாவில் அடுக்கிக்கொண்டாள். துண்டு, மாற்றுத் துணி எல்லாம் என் பையில். குற்றாலத்தில் எனக்குக் கொடுக்கும் அதே உத்தியோகம். போய்ப் பார்த்தால், நான் நினைத்த மாதிரி குளமும் இல்லை, தொட்டியும் இல்லை. சமதளமான தரை. தரையிலிருந்து தண்ணீர் எழுகிறது. சில இடத்தில் கணுக்கால் உயரம், சில இடத்தில் தலைக்கு மேல். பிள்ளைகள் ஓடும் அசைவைக் கருவி உணர்ந்து அதற்குத் தகுந்த மாதிரி தண்ணீர் துள்ளுகிறது. விழுந்த தண்ணீர் தேங்குவதே இல்லை, வடிந்து போய்விடுகிறது. சீனப் பிள்ளை, மலாய்ப் பிள்ளை, நம் பிள்ளை எல்லாம் ஒரே கூச்சல். கூச்சலுக்கு மொழி பெயர்ப்பாளர் தேவைப்படவில்லை.

பேரன் சட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு ஓடினான்.

எனக்கு என்ன ஆயிற்று என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சட்டையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். வீட்டுக்காரிக்குத் தெரியும். "என்னங்க, உட்காருங்க, தண்ணி குடிங்க" என்றாள். உட்கார முடியவில்லை. ஓரத்திலேயே நடந்துகொண்டு அவன் தலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு இருபது நிமிடம் கழித்து அவனே என்னிடம் ஓடி வந்தான். என் கையைப் பிடித்து இழுத்து, "தாத்தா, வாங்க. இங்க ஆழமே கிடையாது. கீழ தரை தெரியுது பாருங்க" என்றான்.

குனிந்து பார்த்தேன். தெரிந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடுவில் போய் நின்றேன். அறுபத்தாறு வயதில் தண்ணீருக்குள் நான் பயமில்லாமல் நின்றது அதுதான் முதல் தடவை. மாப்பிள்ளை எடுத்த படம் நம் குழுவில் வந்ததே, அதில் நான் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பது அதனால்தான்.

சரி, மனசு இளகியது என்பதற்காகச் சங்கப் பணத்தைச் செலவு செய்யச் சொல்ல முடியாது. அன்று ராத்திரியே என் பழைய புத்தி வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. இவ்வளவு தண்ணீர் இவர்களுக்கு எங்கிருந்து வருகிறது?

சிங்கப்பூரில் மழைக்குக் குறைவில்லை. வருஷத்துக்குச் சுமார் 2,400 மில்லிமீட்டர். நமக்கு அதில் மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் அந்த மழையைப் பிடித்து வைக்க அவர்களுக்கு இடம் போதாது. 1963இல் வறட்சி வந்து மாதக்கணக்கில் ரேஷன் முறையில் தண்ணீர் விட்டிருக்கிறார்கள். மலேசியாவின் ஜொகூர் ஆற்றிலிருந்து 1962 ஒப்பந்தப்படி தண்ணீர் எடுக்கிறார்கள். அந்த ஒப்பந்தம் 2061இல் முடிகிறது. அதற்குள் சொந்தக் காலில் நிற்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் செய்கிறார்கள். 2003இலிருந்து கழிவுநீரைச் சுத்திகரித்து மறுபடி பயன்படுத்துகிறார்கள். 2008இல் கடல்வாயை மரினா தடுப்பணையால் அடைத்து உள்ளே நல்ல தண்ணீர் ஏரி ஆக்கினார்கள். நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றேனே, அந்தத் தோட்டம் அந்த ஏரிக் கரையில்தான் இருக்கிறது. ஆக, தண்ணீர் கொட்டிக் கிடக்கும் நாடு என்பதால் விளையாட விடவில்லை.

இப்போது நம் வாசலுக்கு வருவோம். பேப்பர் பேனா இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். யாராவது என் கணக்கில் தப்புக் கண்டுபிடித்தால் சந்தோஷப்படுவேன்.

ஆறு துவாரம். ஒவ்வொன்றிலும் நிமிடத்துக்கு 15 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் நிமிடத்துக்கு 90 லிட்டர். சாயங்காலம் இரண்டு மணி நேரம் ஓடினால் 10,800 லிட்டர். அந்தத் தண்ணீர் சாக்கடைக்குப் போனால், கிட்டத்தட்ட ஒரு 12,000 லிட்டர் லாரி ஒரே சாயங்காலத்தில் காலி. பொதுக்குழுவில் நான் பயந்தது இதற்குத்தான், அந்தப் பயம் சரிதான். இப்படித்தான் செய்யப்போகிறோம் என்றால் இன்றைக்கும் நான் எதிர்ப்பேன்.

தரைக்கு அடியில் 3,000 லிட்டர் தொட்டி ஒன்று வைத்து, விழுந்த தண்ணீரை வடிகட்டித் திரும்பத் திரும்ப அதையே ஓட விட்டால் கணக்கே வேறு. காற்றில் போவது, வெயிலில் ஆவியாவது, பிள்ளைகள் உடம்போடும் துணியோடும் வீட்டுக்கு எடுத்துப்போவது எல்லாம் சேர்த்து நாளுக்குப் பத்தில் ஒரு பங்கு, 300 லிட்டர் என்று தாராளமாகவே வைக்கிறேன். ஏப்ரல், மே இரண்டு மாதம், சனி ஞாயிறு மட்டும். இரண்டு நாளுக்கு 600. வாரம் ஒரு தடவை தொட்டியைக் காலி செய்து புதுத் தண்ணீர் நிரப்ப 3,000. ஆக வாரத்துக்கு 3,600 லிட்டர். நம்மிடம் 36 வீடு. வீட்டுக்கு வாரம் 100 லிட்டர். ஹோஸ் பைப்பில் கார் கழுவினால் ஏழு நிமிடத்தில் போகும் தண்ணீர். யார் யார் ஹோஸ் பைப்பில் கார் கழுவுகிறீர்கள் என்று எனக்குத் தெரியும், பெயர் சொல்லமாட்டேன். காலி செய்யும் அந்த 3,000 லிட்டரையும் குளோரின் வாடை போகும்வரை ஒரு நாள் திறந்து வைத்துவிட்டுச் செடிக்கு விடலாம். செடிக்கு இப்போது போர் தண்ணீர்தானே விடுகிறோம்.

போர் தண்ணீரை இதற்கு விடக் கூடாது. நம் உப்பு, துவாரத்தையெல்லாம் மூன்றே மாதத்தில் அடைத்துவிடும். ஷவரைக் கழற்றிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மொட்டை மாடி மழைநீர்தான் இதற்குச் சரி. 2003இல் மழைநீர் சேகரிப்பைச் சட்டமாக்கியபோது எல்லோரும் ஒப்புக்குக் குழாய் வைத்தோம். நம் மாடி 5,000 சதுர அடி, அதாவது சுமார் 465 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். 25 மில்லிமீட்டர் மழை ஒன்று பெய்தால் 11,600 லிட்டர். ஒரே மழையில் ஒரு லாரி. அதைப் பிடித்து வைக்க சம்ப் வேண்டும். அந்த சம்ப் ஃபவுண்டன் இல்லாவிட்டாலும் வேண்டும். அது தனித் தீர்மானம், அதை இன்றைக்கு இழுக்கவில்லை.

இதுவரை தண்ணீர்க் கணக்கு டேலி ஆகிவிட்டது. நான் மாறிய பாதி இதுதான். மாறாத பாதிக்கு வருகிறேன். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள், குறிப்பாக இந்த யோசனையைக் கொண்டுவந்த பெற்றோர்கள்.

அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தில் செனிகா ஏரிப் பூங்கா என்று ஒன்று. அங்கேயும் இதே மாதிரி தரையிலிருந்து பீறிடும் நீரூற்று, திரும்பத் திரும்ப ஓடும் தண்ணீர். 2005 கோடையில் அங்கே விளையாடியவர்களில் ஆயிரக்கணக்கானோருக்கு வயிற்றுப்போக்கு. காரணம் கிரிப்டோஸ்போரிடியம் என்ற கிருமி. வயிற்றுப்போக்கு உள்ள ஒரு குழந்தை நனைந்தால் போதும், அது தொட்டிக்குப் போய், அடுத்த நிமிடம் மற்ற குழந்தைகள் வாயில் பீய்ச்சி அடிக்கும். தண்ணீரைச் சேமிக்கும் அதே ஏற்பாடு நோயையும் சேர்த்துச் சுற்ற விடுகிறது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் கணக்கெடுத்ததில் 1997 முதல் 2022 வரை இப்படிப்பட்ட நீரூற்றுகளால் 60 தடவை நோய் பரவியிருக்கிறது, பத்தாயிரம் பேருக்கு மேல் பாதிக்கப்பட்டிருக்கிறார்கள். உயிர்ச் சேதம் இல்லை. அந்தக் கிருமி சாதாரணமாகப் போடும் குளோரினுக்குச் சாகாது, ஒரு வாரத்துக்கு மேலும் தாக்குப் பிடிக்கும். அதைக் கொல்லப் புற ஊதா விளக்குப் பொருத்திய கருவி வழியாகத் தண்ணீரைச் செலுத்த வேண்டும். மற்ற கிருமிகளுக்குக் குளோரின் போதும். ஆனால் துளித் துளியாகச் சிதறும் தண்ணீரில், வெயிலில், குளோரின் சீக்கிரம் தீர்ந்துபோகும். காலையில் போட்டது சாயங்காலம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். லிட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்குக் குறையக் கூடாது.

சிங்கப்பூரில் திங்கட்கிழமை எதற்கு மூடினார்கள் என்று முணுமுணுத்தேனே, இதையெல்லாம் படித்த பிறகுதான் உறைத்தது. தண்ணீர் ஓடும் ஆறு நாளைவிட, மூடியிருக்கும் அந்த ஒரு நாள்தான் முக்கியமான நாள். கழுவ, துடைக்க, வடிகட்டியைப் பார்க்க ஒரு நாள் வேண்டாமா?

கரண்ட் விஷயம் ஒன்று. ஈரத் தரை, பம்ப், வெறுங்கால் பிள்ளைகள். 30 மில்லி ஆம்பியரில் விழும் ஆர்.சி.சி.பி. இல்லாமல் ஒரு நிமிடம் ஓட விடக் கூடாது. பம்ப் தொட்டிக்குள்ளே இருக்கக் கூடாது, தள்ளித் தனி அறையில் இருக்க வேண்டும். கலர் விளக்கு ஆசையை விட்டுவிடுவோம். இதில் பேரம் கிடையாது.

ஆக, இந்த ஃபவுண்டனுக்குத் தண்ணீரைவிட அதிகமாகத் தேவைப்படுவது ஆள். பம்ப் வாங்கிவிடலாம், கொட்டேஷன்கூட வந்திருக்கிறது. சனி ஞாயிறு காலை ஆறரை மணிக்கு இறங்கி வந்து குளோரின் டெஸ்ட் செய்து, நோட்டில் எழுதி, சரியில்லை என்றால் "இன்றைக்கு ஃபவுண்டன் இல்லை" என்று பலகை மாட்டி, சாயங்காலம் நாற்பது பிள்ளைகளும் அழும்போது மனசு மாறாமல் நிற்கக்கூடிய ஆள் யார்? இரண்டு மணி நேரமும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்வது யார்? வயிறு சரியில்லாத பிள்ளையை அனுப்பாதீர்கள் என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் முகத்துக்கு நேரே சொல்வது யார்? செக்யூரிட்டி செய்வார் என்று சொல்லாதீர்கள். அவருக்கு ஏற்கெனவே கேட்டும், பார்சலும், நம் சண்டையும் இருக்கிறது. அந்தத் தாமரை ஃபவுண்டன் ஏன் நின்றுபோயிற்று என்று யோசித்துப் பாருங்கள். பம்ப் ரிப்பேர் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. சரி செய்ய வேண்டியது யார் என்பதுதான் எந்தத் தாளிலும் எழுதப்படவில்லை.

இதற்கு ஒரு நல்ல முறை நியூயார்க் நகரத்தில் இருக்கிறது. அங்கே தெருவோரத்தில் தீயணைப்பு வண்டிக்குத் தண்ணீர் எடுக்க ஹைட்ரன்ட் குழாய்கள் நிற்கும். கோடை வெயில் தாங்காமல் தெருப் பிள்ளைகள் அதைத் திறந்துவிட்டு விளையாடுவது பல தலைமுறை வழக்கம். சினிமாவில் பார்த்திருப்பீர்கள். ஒரு ஹைட்ரன்ட்டை முழுக்கத் திறந்தால் நிமிடத்துக்கு 1,000 கேலனுக்கு மேல் போகும், அதாவது 3,800 லிட்டர். எங்காவது தீப்பிடித்தால் அணைக்கக் குழாயில் அழுத்தம் இருக்காது. நகராட்சி என்ன செய்தது? வெறுமனே தடை போட்டு ஓயவில்லை. துளைகள் உள்ள ஒரு மூடி செய்தார்கள். அதை மாட்டினால் நிமிடத்துக்கு 20, 25 கேலன்தான் தெளிக்கும். நம் கணக்கில் 75 முதல் 95 லிட்டர். நம்முடைய ஆறு துவாரத்துக்கு நான் போட்ட 90 லிட்டரும் அதுவும் ஏறத்தாழ ஒன்று, தற்செயல்தான். மூடி இலவசம். ஆனால் 18 வயது ஆன ஒருவர் அடையாள அட்டையோடு தீயணைப்பு நிலையத்துக்குப் போய்த் தன் பெயரில் கேட்டு வாங்க வேண்டும்.

பேங்க்கில் இருந்தவனுக்கு அந்த ஒரு வரி போதும். தண்ணீர் பொதுத் தண்ணீர், விளையாடுவது தெருப் பிள்ளைகள், ஆனால் ஒரு பெரியவர் பெயர் இருக்கிறது.

அதனால் என் யோசனை இது. ஃபவுண்டன் வேண்டுமா வேண்டாமா என்று கை தூக்கும் ஓட்டு இப்போது வேண்டாம். கை தூக்குவது சுலபம், நானே ஒரு தடவை பார்த்துவிட்டேன். செக்யூரிட்டி அறையில் ஒரு நீளமான நோட்டு வைத்திருக்கிறேன். ஏப்ரல், மே இரண்டு மாதத்தில் எட்டு ஒன்பது வாரக் கடைசி வரும். ஆறு பேர் பெயர் எழுதிக் கையெழுத்துப் போட்டால், ஆளுக்கு ஒன்று அல்லது இரண்டு வாரம் முறை வரும். காலை டெஸ்ட், சாயங்காலம் இரண்டு மணி நேரம் காவல், திங்கட்கிழமை கழுவும்போது மேற்பார்வை. டெஸ்ட் செய்வது கஷ்டமில்லை, மருந்து விட்டால் நிறம் மாறும், அட்டையோடு ஒப்பிட்டுப் பார்ப்பதுதான். நான் சொல்லித் தருகிறேன். ஜூலை இரண்டாவது ஞாயிறு பொதுக்குழு. அதற்குள் ஆறு கையெழுத்து சேர்ந்தால் கொட்டேஷனைக் கூட்டத்தில் வைப்போம், தீர்மானத்தை நானே முன்மொழிகிறேன். சேராவிட்டால் தாமரையை இடித்துவிட்டு அந்த இடத்தில் ஒரு வேப்பங்கன்று வைப்போம். அதுவும் நல்ல காரியம்தான், பிள்ளைகள் நனைய மாட்டார்கள், அவ்வளவே.

முதல் பெயர் என்னுடையது. கூட்டம் முடிந்த அன்று இரவே சி பிளாக் டீச்சரம்மா இரண்டாவது பெயர் எழுதினார்கள். இதை எழுதும்போது நோட்டில் மூன்று பெயர் இருக்கிறது. மூன்றாவது கையெழுத்து பென்சிலில், கொஞ்சம் கோணலாக, அடியில் "வகுப்பு 4 ஆ" என்று போட்டிருக்கிறது. 18 வயது நிறையாததால் அது செல்லாது என்று பக்கத்தில் சிவப்பு மையில் குறித்திருக்கிறேன். அந்தக் கையெழுத்தின் அப்பா அம்மா தயவுசெய்து செக்யூரிட்டி அறைக்கு வந்து போகவும்.